பார்த்தவர் பட்டியல்

அக்டோபர் 9, திங்கள்

எங்கள் டிரஸ்டுக்கு இரண்டு ஆஸ்பத்திரி. திண்டுக்கல்லில் ஒன்று, ராஜபாளையத்தில் ஒன்று. இரண்டு இடத்துக் கம்ப்யூட்டரையும் போன வாரம் ஒன்றாக இணைத்தார்கள். இணைத்தவர்கள் சென்னைக்கு ரயிலேறிவிட்டார்கள். குப்பை அள்ள நான் இருக்கிறேன்.

ஒரே ஆள் இரண்டு ஊரிலும் வைத்தியம் பார்த்திருந்தால் அவருக்கு இரண்டு பதிவு இருக்கும். அப்படிச் சந்தேகப்படுகிறவர்களைக் கம்ப்யூட்டரே ஜோடி ஜோடியாகப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு ஜோடி. ஒரே ஆள்தான் என்றால் நான் ஒன்றாக்க வேண்டும், இல்லையென்றால் தள்ள வேண்டும். பெண்கள் பதிவில்தான் தலைவலி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பின்னால் புருஷன் இனிஷியல், ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. ஒரு முத்துப்பேச்சி நான்கு இனிஷியலோடு இருக்கிறாள். நாலும் ஒரே முத்துப்பேச்சி.

பிரிசில்லா மேடம்தான் எங்கள் பதிவுப் பிரிவுக்குத் தலைவர். புது விதிகள் என்று ஒரு சுற்றறிக்கை கொடுத்து, "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க திருமேனி" என்றார். பதினோரு பக்கம். கையெழுத்துப் போட்டேன். யார் எந்தப் பதிவைத் திறந்தாலும் இனிமேல் பெயரும் நேரமும் பதியுமாம். திறக்கும்போது காரணம் கேட்குமாம். நோயாளி எழுதிக் கேட்டால் பார்த்தவர் பட்டியல் என்று ஒன்றை அச்சடித்துக் கொடுக்க வேண்டுமாம். இதை மேடம் வாயால் சொன்னார். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ரத்தப் பரிசோதனைச் சீட்டையே டீக்கடையில் விட்டுவிட்டுப் போகிற ஜனம்.

அக்டோபர் 10, செவ்வாய்

நாற்பத்தேழாவது ஜோடி.

செண்பகவடிவு ஆர், ராஜபாளையம், 2016.
செண்பகவடிவு எம், திண்டுக்கல், வயது 41, ஞாயிறு முதல் உள்நோயாளி, பெண்கள் வார்டு.

எத்தனையோ செண்பகவடிவு இருப்பார்கள். எம் என்றால் முத்தையா, மாரியப்பன், மாணிக்கம் என்று ஆயிரம் அப்பாக்கள். மாடசாமியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜோடியைத் தள்ளி வைத்துவிட்டு நாற்பத்தெட்டுக்குப் போனேன். மதியம் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கேன்டீன்காரரிடம் சண்டை போட்டேன். அவர் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

அக்டோபர் 11, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. நாற்பத்தேழாவது ஜோடியைத் திறக்கவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

திறந்தேன். அது என் வேலை. காரணம் கேட்டது. 'இனிஷியல் சரிபார்ப்பு' என்று அடித்தேன்.

திண்டுக்கல் பதிவின் முதல் பக்கம். தகப்பனார் பெயர்: மாடசாமி. கணவர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. முகவரி, பெண்கள் ஹாஸ்டல். தகவல் சொல்ல வேண்டியவர், ஹாஸ்டல் வார்டன். சேர்த்ததும் அந்த வார்டன்தான். அடுத்த பக்கத்தில் என்ன நோய் என்று இருக்கும். அங்கே போகவில்லை. இதை எழுதிவைக்கிறேன், பிறகு எனக்கே சந்தேகம் வரக் கூடாது.

அவள்தான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்து மாதம் தற்காலிக வேலை பார்த்தோம். போலியோ சொட்டு மருந்து நாளென்றால் பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு உட்காருவோம். அவள் பிள்ளைகளின் சுண்டு விரலில் மை வைப்பாள், நான் கோடு போட்டு எண்ணிக்கை எழுதுவேன். ஒரு நாள் கூட்டம் ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்து இழுத்து என் சுண்டு விரலிலும் மை வைத்துவிட்டு, "ஒங்களுக்கும் இன்னும் அஞ்சு வயசு முடியலைல்லா" என்றாள். அந்த மை ஒரு வாரம் இருந்தது. நான் சோப்புப் போட்டுக் கை கழுவவில்லை.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தபோது "கட்டாயம் வாரேன்" என்றேன். போனேன். வாயைத் திறக்காதவனுக்குப் பாயசம்தான் மிச்சம். இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

இப்போது அப்பா இனிஷியலுக்குத் திரும்பியிருக்கிறாள். ஒரே ஓர் எழுத்து. அதைப் பார்த்து என் மனசு போட்ட ஆட்டத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. நாற்பத்திரண்டு வயது எனக்கு.

அக்டோபர் 13, வெள்ளி

காரணம்: இனிஷியல் சரிபார்ப்பு.

ராஜபாளையம் பதிவில் போட்டோ இருக்கும் என்று தெரியும். அதற்காக இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்பதால் 'ஒப்பிடு' என்ற பொத்தானை அழுத்தினேன். மணி மூன்று பத்து. போட்டோவும் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சிரிக்கச் சொல்லி யாரோ வற்புறுத்தியது போல உதடு மட்டும் கொஞ்சம் விரிந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்தேன்.

வித்தியாசமான இடங்களைக் கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டியது. இனிஷியல் சிவப்பு. போன் நம்பர் சிவப்பு. ஒவ்வாமை சிவப்பு. பழைய பதிவில் 'பென்சிலின்' என்று இருக்கிறது. புதியதில் 'தெரியாது'. நினைவில்லாமல் சேர்க்கப்பட்டவர் என்று முதல் பக்கத்திலேயே குறிப்பு இருக்கிறது. அப்படி வந்தவளுக்கு வார்டன் என்ன சொல்லியிருக்க முடியும்?

எனக்குக் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டியதில்லை. சுகாதார நிலையத்தில் ஓர் ஊசி போட்டு அவள் உதடும் கண்ணும் வீங்கி மூச்சுக்குத் திணறியபோது, டீக்கடையிலிருந்த டாக்டரை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவன் நான். உடனே வார்டுக்குப் போன் போட்டேன். சிஸ்டர் ஜெயசீலி எடுத்தார்.

"ராஜபாளையம் பதிவுல பென்சிலின் ஒத்துக்காதுன்னு இருக்கு சிஸ்டர். உங்க சீட்டுல ஏறல."

"நல்ல நேரத்துல சொன்னீங்க சார். சாயங்காலம் மருந்த மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கார். இப்பவே எழுதிடுறேன்."

போனை வைத்தேன். நான் பார்க்காமல் இருந்திருந்தால்? ஆகவே பார்த்தது சரிதான்.

அக்டோபர் 14, சனி

காரணம்: இனிஷியல் சரிபார்ப்பு. எந்தக் கட்டில் என்று தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டருக்குச் சந்தேகமே வரவில்லை.

நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தேன். பெண்கள் வார்டுக்குப் போக வேண்டிய ஒரு பழைய ஃபைலை ஆயாவிடம் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே போகவில்லை. கதவோரக் கட்டிலில் போர்வைக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அது அவள் கட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நின்று பார்த்தேன். ஃபைலை வாங்கிக்கொண்ட நர்ஸ், "ஆயா லீவா சார்?" என்று கேட்டாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

அவள் டிஸ்சார்ஜ் ஆகும்போது சுருக்க அறிக்கை வாங்க என் ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். அப்போது என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். "வடிவு, என்னைத் தெரியுதா?" கண்ணாடியில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மாமா கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. தெரியும் என்று சொன்னால் அதற்கு மேல் எனக்கு வசனம் இல்லை. அவளோடு ஒரு தரம் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் என்று எழுதும்போதே பொய் என்று தெரிகிறது.

அக்டோபர் 16, திங்கள்

பதினோரு மணிக்குப் போன். மரியாதையான குரல்.

"வணக்கம் சார். ராஜபாளையத்துல இருந்து ராமசுப்பு பேசுறேன். என் நம்பருக்கு உங்க ஆஸ்பத்திரி மெசேஜ் வந்திருக்கு. என் வீட்டம்மா பதிவ திண்டுக்கல் கிளையில சரிபாக்குறதா போட்டிருக்கு. செண்பகவடிவுன்னு பேரு. அங்கதான் இருக்காளா சார்?"

மெசேஜ் எப்போது வந்தது என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழம மூணு பத்து. நான் இன்னைக்குத்தான் பாத்தேன். எட்டு மாசமாத் தேடுறேன் சார். இருக்கான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"யாரு இருக்காங்க, இல்லன்னு நாங்க போன்ல சொல்றதில்ல சார்."

"அப்ப இருக்கா."

"நான் அப்படிச் சொல்லல."

"இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்கள்ல சார்." லேசாகச் சிரித்தார். "பரவால்ல, நேர்லயே வாரேன்."

சுற்றறிக்கையைத் தேடி எடுத்தேன். ஏழாம் பக்கம். 'ஒப்பிடு' பொத்தானை அழுத்தினால் பழைய பதிவிலுள்ள எண்ணுக்குத் தானாகவே தகவல் போகும். ஆகவே நோயாளியிடம் கேட்காமல் அழுத்தக் கூடாது. கீழே என் கையெழுத்து, அழகாக.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் சொல்லாமல் நானே வார்டுக்கு ஓடிப்போய் அவளை எச்சரிக்கலாம் என்று தோன்றியது. அதிலும் அவளைப் பார்க்கிற ஆசை ஒளிந்திருந்தது தெரிந்து எனக்கே அருவருப்பாகிவிட்டது. எழுந்து மேடத்திடம் போய், ஒப்பிட்டதையும் போன் வந்ததையும் சொன்னேன். மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. உடனே வார்டுக்குப் பேசினார். சிஸ்டர் ஜெயசீலி தானே இறங்கி வந்தார்.

"யாரு சார் அந்தப் பொத்தான அமுக்கினது?"

"நான்தான் சிஸ்டர்."

"என் பேரு யார் காதுலயும் விழக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சதும் மொத வார்த்தையா சொல்லிச்சு. ஏன்னு ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன், அது ஒங்களுக்குத் தேவையில்ல. அந்த ஆளு இங்க வந்தா அது உசுருக்கு ஆகாது. இது மட்டும் ஒங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அது மட்டும் தெரிந்தது. அதுவே தாங்கவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் மேடம் பையைக் கீழே வைக்கும் முன்பே போய் மிச்சத்தையும் சொன்னேன். எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். மூன்று நாள் மூன்று தரம் திறந்தேன். இனிஷியல் சரிபார்ப்பு ஒரு சாக்கு.

"பென்சிலின் விஷயத்த அதுலதான் கண்டுபிடிச்சேன் மேடம்" என்றேன். ஏதோ ஒரு மார்க்காவது கிடைக்குமா என்று பார்த்தேன்.

"அத யார் பாத்தாலும் கண்டுபிடிச்சிருப்பாங்க. தெரிஞ்சவங்க பதிவுன்னா மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டு எந்திரிச்சிருக்கணும் திருமேனி. நான் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டுச் செஞ்சிருப்பேன். ஒவ்வாமை வார்டுக்குப் போயிருக்கும், மெசேஜ் ராஜபாளையத்துக்குப் போயிருக்காது."

நாற்பத்தேழாவது ஜோடியை அவர் எடுத்துக்கொண்டார்.

பத்தரைக்கு ராமசுப்பு வந்துவிட்டார். மீசைக்குச் சாயம் பூசி, கையில் ஒரு பை சாத்துக்குடி. கெட்டவன் என்று நெற்றியில் எழுதியிருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. வரிசையில் நின்று, முறை வந்ததும்தான் பேசினார்.

"நேத்துப் பேசுனது நீங்கதான சார். குரல் ஞாபகம் இருக்கு." பழைய ராஜபாளையம் அட்டையை ஜன்னல் வழியே தள்ளினார். "பாருங்க, ஆர். என் இனிஷியல். என் பேருல உள்ள அட்ட."

"அட்ட அவங்களோடது சார். அவங்க வந்து கேட்டாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

"நான் புருஷன் சார்."

"புருஷனா இருந்தாலும்."

"ஒங்க வீட்ல ஒரு பொம்பள இப்படிப் போயிருந்தா தெரியும் சார் ஒங்களுக்கு."

என் வீட்டில் பெண்ணே இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் வாசல் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். மேடம் செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்தார். மதியம் சமையற்கூடம் பக்கத்து வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. அதில் வார்டன் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வடிவு போய்விட்டாள்.

எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டாலும் சிஸ்டர் சொல்லியிருக்க மாட்டார். ஹாஸ்டலுக்கும் திரும்பப் போக மாட்டாளாம், பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கும் போக மாட்டாளாம். எட்டு மாதம் கஷ்டப்பட்டு அவள் பிடித்துவைத்திருந்த இடத்தை நான் ஒரு பொத்தானில் காலி செய்துவிட்டேன். நாலு மணிக்கு அவர் வார்டில் தேடிப் பார்த்துவிட்டு, சாத்துக்குடிப் பையை வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டுப் போனார். வாட்ச்மேன் எனக்கு இரண்டு கொடுத்தார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 18, புதன்

வேலைக்குப் போனேன். எழுபது ஜோடி முடித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

கடிதம் வந்திருக்கிறது. தன் பதிவை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் தனக்கு வேண்டும் என்று வடிவு கேட்டிருக்கிறாள். வார்டன் கையெழுத்து, அவள் கையெழுத்தும் கீழே. எங்கள் ஆஸ்பத்திரியில் இதைக் கேட்ட முதல் ஆள்.

மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஊழியர் பேரு போடாம பிரிவுப் பேரு மட்டும் போட்டும் குடுக்கலாம், விதியில இடமிருக்கு. 'பதிவுப் பிரிவு'ன்னு போட்டுரட்டுமா? நீங்க செஞ்சதுக்கு நிர்வாகம் மெமோ குடுக்கும், அது தனி. ஆனா அந்தப் பொண்ணுக்கு ஒங்க பேரு போகணுமான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

"பேரு போட்டே குடுங்க மேடம்."

"நெசமாவா?"

"யார் பாத்தாங்கன்னுதான அவங்க கேட்டிருக்காங்க."

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நேர்மையாகத்தான் சொன்னேனா, என் பெயர் அவள் கண்ணில் படட்டும் என்று சொன்னேனா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டும்தான். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

பட்டியலில் டாக்டர், சிஸ்டர், லேப், மருந்தகம். அப்புறம் 'திருமேனி எஸ், பதிவுப் பிரிவு' என்று மூன்று வரி. மூன்றுக்கும் ஒரே காரணம். சின்னப் பிள்ளை படித்தாலும் பொய் என்று தெரியும்.

அக்டோபர் 21, சனி

ஆயுத பூஜைக்காக அலமாரி துடைத்தோம். தும்மல் நிற்கவில்லை. போன் அடித்தபோதெல்லாம் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

இன்று உண்மையை எழுதிவிடுகிறேன். பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் எனக்கு இரண்டு வரி எழுதுவாள் என்று காத்திருக்கிறேன். திட்டி எழுதினாலும் சரி. நாசமாய்ப் போ என்று எழுதினாலும் மடித்து வைத்துக்கொள்வேன். அவளுடைய வீட்டைப் பிடுங்கியவன், அவளிடமிருந்தே கடிதம் எதிர்பார்க்கிறேன். வெட்கங்கெட்ட மனசு.

அக்டோபர் 25, புதன்

மேடம் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். மேஜையில் ஒரு படிவம்.

"ஒங்களுக்குத் தெரிவிச்சுக் கையெழுத்து வாங்கணும். படிச்சுப் பாருங்க."

அச்சில் இருந்தது: 'என் பதிவைப் பின்வரும் நபர் இனிமேல் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.' அதற்குக் கீழே கோட்டின் மேல், நீல மையில், அவள் கையெழுத்தில்:

சு. திருமேனி.

காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

சரிதான். நான் அவளாக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். பேனாவை எடுத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டியலில் எஸ் என்றுதான் அச்சாகியிருந்தது. எஸ் என்றால் சண்முகம், செல்லையா, சிவனு, எது வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த ஆஸ்பத்திரியில் என் அப்பா பெயர் யாருக்கும் தெரியாது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. சு என்று எழுதியிருக்கிறாள். என் அப்பா சுயம்பு.

"என்ன திருமேனி, ஏதும் தப்பா இருக்கா?"

"இல்ல மேடம். எல்லாம் சரியா இருக்கு."

கையெழுத்துப் போட்டேன். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"இதுல ஒரு நகல் எனக்குக் கிடைக்குமா மேடம்?"

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது அந்தப் பொண்ணோட பதிவுல சேர வேண்டியது திருமேனி. நீங்க பாக்க முடியாது."

"சரி மேடம்."

படிவத்தை எடுத்துக் கோப்பில் வைத்து, கட்டி, அதைத் தன் அலமாரியில் பூட்டினார். நான் என் இடத்துக்கு வந்து அடுத்த ஜோடியைத் திறந்தேன். காரணம் கேட்டது.